டாஸ்க் மனேஜர் காட்டிக்கொடுத்த குரல்

ஹெட்போன் பஞ்சில் எப்போதும் தேங்காயெண்ணெய் மணக்கும்...

ஊர்காவற்றுறையில் எங்கள் நெற் கபேக்கு வருகிற அக்காமார் தலையில் வைத்த எண்ணெய் அது. போர் ஓய்ந்திருந்த சமாதான காலம். வேலைக்கு நான் ஒருத்திதான்.

அன்று ரோசா அக்கா பிரான்சில் இருந்த கணவரோடு கதைத்துக்கொண்டிருந்தார். குரல் விட்டுவிட்டு வந்தது.

"பிள்ளை, மனுசன் விக்கிற மாதிரிக் கேக்குது. என்னெண்டு பார்."

அவர் கதைத்து முடித்ததும் டாஸ்க் மனேஜரைத் திறந்தேன். கம்ப்யூட்டருக்குள் என்னென்ன ஓடுகிறது என்று அதில் வரிசையாகத் தெரியும். எனக்குத் தெரியாத ஒரு பெயரும் ஓடிக்கொண்டிருந்தது. தேடிப் போனால்... ஒரு ஃபோல்டர் நிறைய ஒலிப்பதிவுகள். ஒன்றைக் கிளிக் பண்ணினேன்.

"நீங்கள் இல்லாமல் எனக்கு இஞ்சை ஏலாதப்பா..."

ஸ்பீக்கரில் என் குரல்!

அவசரமாக நிறுத்தினேன். ஆளில்லாத நேரம் பார்த்து லண்டனில் இருந்தவரோடு நான் கதைத்த கதை. வீட்டுக்குத் தெரியாத காதல். என் அண்ணைக்குத் தெரிந்தால் அன்றோடு வேலையும் இல்லை, லண்டனும் இல்லை. யார் யார் கேட்டார்களோ?

வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்த ரோசா அக்கா ஓடி வந்தார்.

"ஐயோ, அது இன்னும் ஓடுதோ? நான்தான் பிள்ளை, உனக்கு முதல் இஞ்சை வேலை செய்த தம்பியிட்டை, குரல் பதியிறதைப் போடச் சொன்னனான். சின்னவனுக்குத் தேப்பன்ரை குரல் மறந்துபோகுமெண்டு..."

தம்பி அதை நிறுத்தாமலே கொழும்புக்குப் போய்விட்டான். அந்தக் கம்ப்யூட்டரில் கதைத்த அத்தனை பேரும் பதிவாகியிருந்தார்கள்.

திடீரென்று அக்காவின் முகம் வெளிறியது.

"அப்ப நான் மாமியைத் திட்டிப் பேசினதும் கிடக்குமே?"

"ஓம் அக்கா."

"அழி பிள்ளை! எல்லாத்தையும் அழி!"

சின்னவனுக்காக அவர் கணவரின் குரலை மட்டும் சீடியில் எழுதிக் கொடுத்தேன். மிச்சத்தை எல்லாம் அழித்தேன், என்னுடையதையும் சேர்த்து. அதற்குப் பிறகுதான் மூச்சே வந்தது.

இப்போது என் போனுக்குள் எது ஓடுகிறது, எது காது கொடுக்கிறது என்று நான் பார்ப்பதேயில்லை. கேட்பதற்கெல்லாம் ஓகே அமத்திவிடுகிறேன்.

ஆனால் அந்த லண்டன்காரர் அன்று விடாமல் கதைத்த கதைகளில் ஒன்றையாவது வைத்திருந்திருக்கலாம்...

அதே மனிதர் சற்றுமுன் பக்கத்து அறையிலிருந்து மெசேஜ் அனுப்பியிருக்கிறார்.

"தேத்தண்ணி?"