ஈரக் கைக்குட்டை

டெல்லி கரோல் பாக்கில் ஒரு துணிக்கடையின் மாடியில் வீடியோ ஸ்டுடியோ இருக்கிறது. அங்கே அபூர்வாவுக்கு ஒரே வேலைதான்: கல்யாண வீடியோக்களில் முகங்களின் நிறத்தைச் சரிசெய்வது. பஞ்சாபியோ தமிழோ, "தோடா கோரா கர் தோ", கொஞ்சம் வெளுப்பாக்கிக் கொடு, என்று கேட்காத குடும்பம் கிடையாது. கேட்டபடி வெளுத்துக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்வாள். அவள் மாநிறத்துக்கும் ஒரு படி கீழே.

அந்த ஒரு படிக்காகத்தான் ஜனக்புரி லீலாவதி மாமி தன் பிள்ளைக்கு அவளை வேண்டாம் என்றாள். பெண் பார்க்க வந்தவள், சொஜ்ஜியைத் தின்று முடித்ததும் அபூர்வாவை ஜன்னலோரம் கூட்டிப்போய், கைக்குட்டையைத் தம்ளர் தண்ணீரில் நனைத்துக் கன்னத்தை அழுத்தித் துடைத்தாள்.

"பவுடரான்னு பாத்தேன். தப்பா எடுத்துக்காதேங்கோ" என்றாள், அபூர்வாவின் அப்பா ராஜகோபாலனிடம். கைக்குட்டையில் ஒன்றும் ஒட்டவில்லை. "அச்சா, இதான் கலரா" என்று அதை மடித்துக்கொண்டு போனவள்தான். அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அபூர்வா மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. மன்னித்துவிடு என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதே மாமி இந்தப் புரட்டாசியில் பிள்ளையின் கல்யாண வீடியோவோடு ஸ்டுடியோ படியேறி வந்தாள். அபூர்வாவை அடையாளமே தெரியவில்லை. பார்த்து ஒதுக்கிய பெண்கள் எத்தனையோ பேர், யாரையென்று ஞாபகம் வைத்துக்கொள்வாள்? பழைய அவமானத்தைவிட அது இன்னும் சுட்டது.

பிள்ளை பிடிவாதம் பிடித்துக் கட்டிக்கொண்ட மாலாவும் கறுப்புதான். வெளிச்சம் பட்டால் நிறம் தெரிந்துவிடுமென்று, மணமேடையில் வீடியோக்காரரின் விளக்குகளை மாமியே அணைக்கச் சொல்லியிருக்கிறாள். விளைவு, படத்தில் மாப்பிள்ளை யார், புரோகிதர் யார் என்றே தெரியவில்லை.

"கொலுவுக்கு எல்லாரும் வருவா, டிவில போடணும். மாட்டுப்பொண்ணைக் கொஞ்சம் செவப்பாக்கிடு. அந்த இருட்டுலயும் என் மூஞ்சி ஒரு கலர், கழுத்து ஒரு கலர்னு திட்டுத்திட்டா தெரியறது, ஒண்ணாக்கிடு. ஜல்தி."

"ஆகட்டும் மாமி" என்றாள் அபூர்வா.

இருட்டில் எடுத்த படத்துக்கு வெளிச்சம் ஏற்றினால் ஒளிந்திருந்ததெல்லாம் வெளியே வரும். மாமியின் முகத்தில் பவுடர் சுண்ணாம்பாக அப்பியிருந்தது. கழுத்தும் கையும் வேறு யாருடையதோ போல இருந்தன. திட்டுகளைச் சீராக்க, எது நிஜ நிறம் என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். வழக்கமாக முகத்தை வைத்துக் கழுத்தை வெளுப்பாள். இந்த முறை கழுத்தை வைத்து முகத்தை மாற்றினாள், மாமி வருகிற ஒவ்வொரு காட்சியிலும். இம்மியும் கூடுதலாகக் கறுக்க வைக்கவில்லை. அதற்குத் தேவையே இல்லாமல் போனதில் அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். மாலாவுக்குத் திட்டுகளை மட்டும் எடுத்துவிட்டு, அவள் நிறத்திலேயே பளிச்சென்று விட்டாள்.

நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்து, கொலு சாயங்காலம் கூடம் நிறைந்த பிறகு தானே பென் டிரைவைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். போட்டுப் பார்க்க மாமிக்கு நேரமில்லை. நேரே டிவியில் சொருகினாள்.

திரையில் மாமியும் மாலாவும் பக்கத்தில் பக்கத்தில் வந்தார்கள். எதிர் ஃப்ளாட் மாமி சுண்டலை மென்றுகொண்டே, "ஏன் லீலா, நீயும் மாட்டுப்பொண்ணும் ஒரே கலர்னா இருக்கேள்? நாங்க உன்னை நல்ல செவப்புன்னு நெனைச்சிண்டிருந்தோம்" என்றாள். கூடம் சிரித்தது. மாலாவும் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

லீலாவதி மாமி அபூர்வாவைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"என்னடி பண்ணி வெச்சிருக்கே என் மூஞ்சியை?"

அபூர்வா பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, குழாயில் நனைத்துப் பிழிந்து மாமியின் கையில் வைத்தாள்.

"பவுடரான்னு தொடைச்சுப் பாத்துக்கோங்கோ மாமி. தப்பா எடுத்துக்காதேங்கோ."

அப்போதுதான் மாமிக்கு அவள் யாரென்று தெரிந்தது.