தலையாட்டிய தாய்மாமன்

நான் ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தலையாட்டியே கெடுத்தேன். அவள் வேறு யாருமல்ல... என் தங்கை மகள் வள்ளி.

எனக்குக் காது கேட்காது. பல வருடங்களாகவே கேட்காது. இதை யாரிடமும் நான் ஒப்புக்கொண்டதில்லை. சுரண்டையில் உரக்கடை வைத்திருக்கிறேன்; செவிடன் என்று தெரிந்தால் எவன் மதிப்பான்? உதட்டைப் பார்த்து ஊகிப்பேன். ஊகிக்க முடியாவிட்டால் சிரித்துத் தலையாட்டிவிடுவேன்.

"சாப்பிட வாரியளா?" என்று மனைவி கேட்டால், "அஞ்சரை பஸ்ஸுல" என்பேன். நான் வேடிக்கை பண்ணுகிறேன் என்று வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் சிரிப்பேன்... எதற்கென்றே தெரியாமல்!

வள்ளிக்குக் குற்றாலத்தில் ஒரு மண்டபத்தில் நிச்சயம் வைத்தோம். தகப்பன் இல்லாத பிள்ளை. எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் 'சரி' என்றால்தான் தாம்பூலத் தட்டு மாற்றுவார்கள். அந்த ஒரு சொல்லுக்காக எல்லோரும் என் முகத்தையே பார்த்திருந்தார்கள்.

வள்ளி என்னைத் தூண் பக்கம் இழுத்துப் போனாள். தலையைக் குனிந்தபடி ஏதோ சொன்னாள். உதடு தெரியவில்லை. மேளம் வேறு. அவள் அழுவது மட்டும் தெரிந்தது. கல்யாணப் பெண் அழுவது புதிதா என்ன?

இன்னொரு தடவை சொல் என்று கேட்டிருக்கலாம். சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்களே! வெட்கம்... பாழாய்ப்போன வெட்கம்! சிரித்துத் தலையாட்டினேன். "எல்லாம் நல்லபடியா நடக்கும், போ தாயி" என்றேன். போய்த் தட்டை மாற்றினேன்.

போன மாதம் வள்ளி புருஷன் வீட்டிலிருந்து என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். ஒரு கையில் கட்டுப் போட்டிருந்தது. எதிரே உட்கார்ந்து என் முகத்துக்கு நேராகப் பேசினாள். ஒவ்வொரு சொல்லும் அவள் உதட்டில் தெரிந்தது.

"அவன் கை நீட்டுத ஆளுன்னு கேள்விப்பட்டேன், எனக்கு வேண்டாம் மாமான்னு அன்னைக்கு ஒங்ககிட்ட மட்டுந்தான் சொன்னேன். நீங்க சிரிச்சிய மாமா!"

காதில் விழவில்லை என்று அப்போதாவது சொன்னேனா? இல்லை. என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"ஊருல ஆயிரம் சொல்லுவாவ தாயி. ஒன் நல்லதுக்குன்னுதான் நெனச்சேன்."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். இன்றும் என் வீட்டில்தான் இருக்கிறாள். சோறு வைப்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். தன் அழுகையைக் கேட்டும் மாமா தள்ளிவிட்டார் என்றே நம்பிக்கொண்டிருக்கிறாள்.

செவிடன் என்று தெரிவதைவிட அது மேல் என்று நானும் விட்டிருக்கிறேன்... நான் என்ன மனிதன், சொல்லுங்கள்!