தொட்டியடி

மார்கழிக் காலையில் கருங்கல்லின் மேல் இருந்தால், கம்பளிக் காலுறையையும் பள்ளிக்கூடப் பாவாடையையும் தாண்டிக் குளிர் முதலில் தொடையைக் கடிக்கும், பிறகு தொடை என்று ஒன்று இருப்பதே தெரியாமல் போய்விடும். "கல்லிலை இருக்காதை, வயித்துக்குள்ளை குத்தும்" என்று அதட்டிவிட்டு அம்மாவும் பக்கத்தில் வந்து இருப்பார். லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் எங்கள் தெருமுனையில் கிடந்த அந்தக் கல், ஒரு காலத்தில் வண்டிக் குதிரைகளும் சந்தைக்குப் போகும் மாடுகளும் தண்ணீர் குடித்த தொட்டி. நான் பார்த்த நாளில் அதற்குள் மழைத்தண்ணீரும் சிப்ஸ் பைகளும்தான் கிடந்தன.

ஆலடி, மடத்தடி, சந்தையடி என்று எதைக் கண்டாலும் பின்னால் ஓர் "அடி"யைச் சேர்த்து அதை இடமாக்கிவிடுவது எங்கள் சனத்தின் பழக்கம். அம்மாவும் அவரோடு வேலை செய்த பெண்களும் அந்தச் சந்திக்குத் "தொட்டியடி" என்று பெயர் வைத்தார்கள். அலுவலகங்களைக் கூட்டித் துடைக்க அவர்களை ஏற்றிப்போகும் வான் விடியற்காலையில் அங்கேதான் வரும். அப்பா இரவு ஷிப்ட் முடிந்து வந்து என்னைப் பொறுப்பேற்கும்வரை நானும் பள்ளி உடுப்போடு அங்கே விறைத்துக்கொண்டிருப்பேன்.

டொட்டன்ஹாம் மாதிரித் தொட்டியடியும் ஓர் இங்கிலிஷ் பெயர் என்றே நான் நம்பியிருந்தேன். நம் வட்டாரத்தின் முக்கியமான இடமொன்றை வரையுங்கள் என்று வகுப்பில் சொன்னபோது தொட்டியை வரைந்து, கீழே அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எழுதினேன். அப்படியோர் இடம் இங்கே இல்லை என்று ஆசிரியை சிவப்பு மையால் வெட்டினார். வகுப்பே சிரித்தது. மறுநாள் காலையில் அழுதுகொண்டு சொன்னேன். அம்மாவின் கூட்டாளி, மன்னாரிலிருந்து வந்த திரேசா அன்ரிக்கு வந்ததே கோபம்!

"இல்லையாமோ? அப்ப நாங்கள் விடியக் காலமை எங்கை நிண்டு சாகிறம்? அந்த ரீச்சரை ஒருக்கா வந்து பாக்கச் சொல்லு!"

யாருக்கு விசா கிடைத்தது, யாருடைய வீட்டில் ஷெல் விழுந்தது எல்லாம் முதலில் தொட்டியடிக்குத்தான் வந்து சேரும். திரேசா அன்ரியின் தம்பி ஊரில் செத்துப்போன செய்தியும் அங்கேதான் வந்தது. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவர் குழறி அழ, வான்காரன் ஹோர்ன் அடித்தான். விடாமல் அடித்தான். அன்ரி எழுந்து, முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டு வானில் ஏறினார். அந்த ஹோர்ன் சத்தத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பத்திக்கொண்டு வரும்.

இப்போது சந்தியில் இருந்த கடைகளை இடித்து அடுக்குமாடி எழுப்பிவிட்டார்கள். தொட்டியைக் கிளப்பி, தேய்த்துக் கழுவி, அந்தக் கட்டடத்தின் உள்முற்றத்தில் வைத்துப் பூச்செடி நட்டிருக்கிறார்கள். பக்கத்தில் வட்டார வரலாறு என்று ஒரு பலகை. குதிரை இருக்கிறது, மாடு இருக்கிறது, லாவெண்டர் பூ ஏற்றிப்போன வண்டி இருக்கிறது, தொட்டியைத் தானம் செய்த சீமாட்டி இருக்கிறார். அங்கே நின்று விறைத்து, இந்த நகரத்தின் கக்கூசுகளைக் கழுவப் போன பெண்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும் அம்மாவும் ஞாயிறு பூசைக்குப் போகும் திரேசா அன்ரியும், இடையில் வரும் சனிக்கிழமையைத் தொட்டியடிக்கென்றே வைத்திருந்தார்கள். தொட்டி உள்ளே போனதும் அவர்களும் உள்ளே போனார்கள். "தொட்டி எங்கையோ, அங்கைதானே தொட்டியடி" என்றார் அம்மா.

போன சனிக்கிழமை நானும் கூடப் போயிருந்தேன். காவலுக்கு நின்ற பையன் தமிழ்நாட்டுக்காரன், தயங்கித் தயங்கி வந்தான்.

"அம்மா, இங்க உக்காரக் கூடாதுங்க. குடியிருக்கறவங்க கம்ப்ளெயின்ட் பண்றாங்க. என் வேலை போயிடும்."

அவனோடு எனக்கென்ன கோபம்? மேலே பால்கனியில் கோப்பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்களைத்தான் கிழித்துவிடலாம் போலிருந்தது. நான் வாயைத் திறக்குமுன் திரேசா அன்ரி அவனைப் பார்த்தார்.

"தம்பி, மாடு குடிக்கட்டும் எண்டு வைச்ச கல்லு. மனுசி இருக்கக் கூடாதோ? நாங்கள் எழும்பேல்லை எண்டு போய்ச் சொல்லு, உன்னிலை பிழையில்லை. அண்டைக்கு ஹோர்ன் அடிச்சவுடனை எழும்பினனான். இண்டைக்கு ஏலாது."

சொல்லிவிட்டு, அன்று பிடித்த அதே விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பையன் திரும்பிப் போனான்.

பழைய சந்தியில் இன்று வீடு விற்கும் தரகர்களின் கண்ணாடிச் சுவர் வைத்த கடை நிற்கிறது. வான் வருவதில்லை, அதில் போன பெண்களில் பலர் இப்போது இல்லை. அப்படியோர் இடம் இங்கே இல்லை என்று ஆசிரியை அன்று சொன்னது பொய். அதை உண்மையாக்கத்தான் இப்போது பார்க்கிறார்கள். வருகிற சனிக்கிழமையும் மூன்று பேருமாகப் போகிறோம். கல் இன்னும் அதே குளிர்தான். அதனால் போட்டு இருக்க ஆளுக்கொரு தலையணை வாங்கி வைத்திருக்கிறேன்.