ஏரிக்கரைப் படமும் எங்கள் கிணற்றடியும்

சொந்த வீட்டில் குடியேறும் முன்பே அங்கே ஒரு பிணத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்த புத்திசாலி நான். யாரையும் கொன்றுவிடவில்லை, அதற்கெல்லாம் திறமை வேண்டும். ஒரு படம் வாங்கினேன், அவ்வளவுதான்.

புது வீட்டுக்கென்று வாங்கிய சாமி படத்துக்குச் சட்டம் போடத் திருவல்லிக்கேணிக்குப் போயிருந்தேன். கடை மூலையில் ஒரு பழைய போட்டோ. ஏரிக்கரை, மீன் செதுக்கிய ஒரு கல், அதன் பக்கத்தில் துணி போர்த்திய ஏதோ ஒன்று, தள்ளி நின்று முறைக்கும் இரண்டு போலீஸ்காரர்கள்.

"இன்னா சாமி, அத்தப் போயி அப்டிப் பாக்கறே?" என்றார் கடைக்கார பாய். "எங்க அத்தா காலத்துது. மாம்பலம் ஏரிக்கரைல நகை யாவாரி ஒர்த்தன வெட்டிப் போட்ட எடம். வெட்டுனவன் ஆப்டவே இல்ல. சாமி படத்தாண்ட இத மாட்டப் போறியா?"

"மாட்ட இல்லை பாய், அந்த இடத்தைக் கண்டுபிடிக்கணும்."

"கண்டுபுட்ச்சா? செத்தவன் எய்ந்து வந்து சலாம் போடுவானா?"

அந்த ஏரியைத்தான் தூர்த்துத் தெருக்கள் போட்டு, தியாகராய நகர் என்று பெயரும் வைத்திருந்தார்கள். அங்கேதான் எங்கள் வீடும் எழும்பிக்கொண்டிருந்தது. மயிலாப்பூரில் நாங்கள் இருந்தது ஒண்டுக்குடித்தனம். அத்தனை குடும்பத்துக்கும் ஒரே குழாய். விடிந்தால் என் மனைவிக்குக் குடச்சண்டை. புது வீட்டில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: தனிக் கிணறு.

கட்டட வேலையை மேற்பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு ஞாயிறுதோறும் துப்பறியக் கிளம்பினேன். முதலில் எங்கள் கிணற்றடியில், மனையிலேயே கிடந்ததைத் துணி துவைக்க விட்டுவைத்திருந்த கல்லின்மேல் சௌகரியமாக உட்கார்ந்து படத்தை ஆராய்வேன். பிறகு தெருத்தெருவாக அலைவேன். அடுத்தவர் மனைக்குள் குனிந்து குனிந்து கல் தேடியதில், புதையல் எடுக்க வந்தவன் என்று நினைத்து ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டார்.

நாய்க்குத் தப்பி வந்த ஞாயிற்றுக்கிழமை, கிணற்றில் நீர் இறைத்துக் கால் கழுவினேன். துவைக்கும் கல்லில் அப்பியிருந்த சுண்ணாம்பு கரைந்தது. அடியிலிருந்து ஒரு மீன் என்னை எட்டிப் பார்த்தது.

இத்தனை வாரமும் கொலை நடந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டுதான் கொலை நடந்த இடத்தைத் தேடியிருக்கிறேன்!

அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. விஷயம் தெரிந்தால் இவள் அந்த வீட்டு வாசற்படியை மிதிப்பாளா? மறுநாள் காலை மெல்ல ஆரம்பித்தேன்.

"கிரகப்பிரவேசத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டா என்ன?"

"ஏன்னா, என்னத்தை மறைக்கறேள்? திருட்டு முழி முழிக்கறேளே."

படத்தை நீட்டினேன். "இந்தக் கல்தான் நம்ம கிணத்தடியில கிடக்கு. அங்கேதான் ஒருத்தனை வெட்டிப் போட்டிருக்கா. அவன் ஆவி இன்னும் அங்கேயே சுத்திண்டிருந்தா?"

வெளியே குழாயடியில் யாரோ யாருடைய குடத்தையோ நகர்த்திவிட்டார்கள், கூச்சல் கிளம்பியது. அவள் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு படத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்கு முன்னாடி குடத்தைக் கொண்டுவந்து வைக்கமாட்டானோல்லியோ?"