காற்றுக்கு விலை கேட்டுப் போனவள்

சுற்றுச்சூழல் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவருக்கு முதல் வேலை, அது என்ன படிப்பு என்று வேலை கொடுப்பவருக்கு விளக்குவதுதான். கடல் ஏறினால் யாருக்கு நஷ்டம், புகையால் வரும் இருமலுக்கு என்ன விலை, இப்படிப் போகும் எங்கள் படிப்பு. சுனாமிக்கு அடுத்த வருஷம் பட்டத்தோடு திருவள்ளூருக்குத் திரும்பி வந்தேன். உங்களில் யாராவது இதுபோல இரண்டு பாடத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு பட்டத்தை வைத்துக்கொண்டு வேலை தேடியிருந்தால், கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள், நானும் உட்கார்ந்துகொள்கிறேன்.

எந்த அலமாரி?

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவைக்கப் போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அக்கறையான மனிதர். என் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் படித்தார். பொருளாதாரம் என்றால் கலைப் பிரிவு, சுற்றுச்சூழல் என்றால் அறிவியல் பிரிவு. இரண்டுக்கும் தனித்தனி அலமாரி. என்னை எதில் வைப்பது என்று பக்கத்து மேசைக்காரரைக் கேட்டார். அவர், டீ குடிக்கப் போயிருந்த இன்னொருவரைக் கேட்கச் சொன்னார்.

கடைசியில் பேனாவை மூடி வைத்துவிட்டு, "நீங்க இன்னாதாம்மா பண்ணுவீங்க, அத்த சொல்லுங்க" என்றார். அவர் குரலில் நிஜமான ஆவல் இருந்தது. வெள்ளமோ வறட்சியோ வந்தால் ஊருக்கு என்ன நஷ்டம் ஆகும், அதைத் தடுக்கச் செலவழிப்பது லாபமா என்று ஆராய்வேன் என்றேன். கன்னத்தில் கைவைத்துக் கொஞ்சம் யோசித்தார். "வானிலை ஆபீஸ்காரன் மழை வரும்னு சொல்லுவான். வந்தா இன்னா ஆவும்னு நீங்க சொல்லுவீங்க. மழை வரட்டும்மா, கூப்புடுறோம்."

ஒரு நாற்காலி மிச்சம்

ஊருக்கு வெளியே புதிதாக ஒரு கலைக் கல்லூரி வந்திருந்தது. தாளாளர் அரிசி ஆலை வைத்திருந்தவர். நேர்முகத் தேர்வில் என் ஆராய்ச்சியைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார். இறால் பண்ணைகளால் கிணற்றுத் தண்ணீர் உப்பாகிப்போன ஊர்களைப் பற்றி நான் சொல்லச் சொல்ல, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அடடா, விஷயம் தெரிந்த மனிதர் என்று மனசுக்குள் குளிர்ந்துபோனேன். எல்லா வகுப்புக்கும் சுற்றுச்சூழல் பாடம் கட்டாயம் என்று அப்போதுதான் உத்தரவு வந்திருந்தது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. தாளாளர் முதல்வரைப் பார்த்துத் திரும்பி, "எக்கனாமிக்ஸுக்கு ஒருத்தரு, அதுக்கு ஒருத்தருன்னு தேடிக்கினு இருந்தோமே, இவங்க ரெண்டையும் சேத்தே படிச்சிட்டு வந்துருக்காங்க. ஒரு நாற்காலி மிச்சம் சார்" என்றார்.

யார் சொன்னது ஜெயித்தது?

கொஞ்ச காலம் அந்த ஒரே நாற்காலியில் இரண்டு பேராக உட்கார்ந்து பார்த்துவிட்டு, கும்மிடிப்பூண்டிக்கு வந்தேன். தொழிற்சாலைகளுக்குச் சுற்றுச்சூழல் அறிக்கை எழுதிக் கொடுக்கும் சின்ன நிறுவனம் அது. நடத்தியவர் சேகர் சார். அறிக்கையில் சுற்றுவட்டார மக்களின் பிழைப்பைப் பற்றிய அத்தியாயம் என் பொறுப்பு. தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு தெருவில் வீடு வீடாகப் போய், இந்தப் புகை இல்லாமல் இருக்க மாதம் எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டேன். காற்றுக்குக் கடையில் விலை இல்லை, அதனால் எங்கள் படிப்பில் மக்களிடமே கேட்பது வழக்கம்.

இரும்பு வார்ப்படக் கம்பெனியில் வேலை பார்க்கும் ரவி வீட்டில் இருந்தார். "ஒண்ணியும் தர மாட்டோம். அவங்க சம்பளத்த வாங்கி, அவங்க வுடுற பொகைய நிறுத்த நானே குடுக்கணுமா?" என்றார். உள்ளே துணி பிழிந்துகொண்டிருந்த அவர் மனைவி வளர்மதி வாளியோடு வெளியே வந்துவிட்டாள். "காயப்போட்ட துணியில கரி வுழுந்து மறுக்கா தொவைக்கிறது யாரு, நீயா? நான் தரேன், எழுதிக்கம்மா." ஒரு வீட்டுக்கு ஒரு பதில்தான் என்று நான் கற்றுக்கொண்ட பாடம் இருவருக்கும் நடுவில் நின்று முழித்தது. எனக்கோ ஒரே சந்தோஷம். அடுத்த வீட்டிலிருந்து கணவனிடம் தனியாக, மனைவியிடம் தனியாகக் கேட்க ஆரம்பித்தேன். கிளம்பும்போது வளர்மதி வாசல்வரை வந்தாள். "அவரு சொன்னதையும் எழுதிக்கோ, நான் சொன்னதையும் எழுதிக்கோ. எது ஜெயிச்சிதுன்னு வந்து சொல்லிட்டுப் போ."

வராத புகை

அந்தச் சமயம் வெளிநாட்டுக்காரர்களுக்காக ஒரு புது ஏற்பாடு வந்தது. இங்கே ஒரு தொழிற்சாலை புகையைக் குறைத்தால், அந்தக் குறைவை அவர்கள் விலைக்கு வாங்கி, தங்கள் நாட்டுப் புகைக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். கம்பி ஆலை ஒன்றின் மேலாளர் தயாளனிடம் இதைச் சொல்ல அனுப்பினார்கள். வாழ்நாளெல்லாம் கம்பி விற்றவர். "சரக்கு எங்க மேடம் இருக்கும்?" என்றார். வராத புகைதான் சரக்கு என்றேன். "வரலன்னு எப்படித் தெரியும்?" பழைய உலையை மாற்றாமல் விட்டிருந்தால் வந்திருக்கும் புகையில், இப்போது வரும் புகையைக் கழித்துவிட வேண்டும் என்றேன்.

அவர் என்னைப் புகைபோக்கிக்குக் கீழே கூட்டிக்கொண்டு போனார். இருவரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றோம். அவருக்கு அது பிடித்துப்போய்விட்டது என்று முகத்திலேயே தெரிந்தது, ஆனால் ஒரு கவலை மட்டும் மிச்சம் இருந்தது. "கம்பின்னா வளைச்சிக் காட்டுவேன். இதுக்கு சாம்பிள் கேட்டான்னா இன்னாத்த மேடம் காட்றது?"

யார் வண்டி?

ஒரு தொழிற்சாலை தன் உற்பத்தியைப் பெருக்கி, இயந்திரங்களைக் குளிர்வித்து வரும் வெந்நீரைப் பழவேற்காடு ஏரிப் பக்கம் விட நினைத்தது. அறிக்கை எங்கள் பொறுப்பு. ஏரியில் சில பெண்கள் ஆழமில்லாத தண்ணீரில் உட்கார்ந்து, பறி என்னும் ஓலைக் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, கையாலேயே தடவி இறால் பிடிப்பார்கள். கரையில் அவர்களோடு பல நாள் இருந்தேன். தண்ணீர் சூடேறி இறால் ஆழத்துக்குப் போய்விட்டால், படகில்லாத இவர்களால் பின்னால் போக முடியாது. இதை விரிவாக எழுதிக் கொடுத்தேன். அச்சான அறிக்கையில் அந்தப் பக்கங்கள் இல்லை. "படகும் வலையும் இருக்கிறவங்களைத்தாம்மா மீனவர்னு சேர்க்கிறது. அடுத்த அறிக்கையில பாத்துக்கலாம்" என்றார் சேகர் சார். எவ்வளவோ வாதாடிப் பார்த்தேன்.

பொன்னேரிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. நான் கம்பெனிக்காரர்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஏரியில் தடவும் கன்னியம்மா மைக்கைப் பிடித்தாள். கோபமே இல்லாமல் என்னைக் கைகாட்டினாள். "இந்தம்மா எங்ககூட குந்திக்கினு எல்லாத்தியும் கேட்டுக்கினு போச்சி. இப்ப படிச்சாங்களே, அதுல நாங்க எங்க கீறோம்?" கூட்டத்தை நடத்திய அதிகாரி என்னைப் பார்த்தார். சேகர் சார் மின்விசிறியைப் பார்த்தார். எழுந்து நின்றேன். "கேட்டேன் சார். எழுதியும் கொடுத்தேன். இந்த அறிக்கையில அது இல்லை" என்றேன். அதிகாரி அதை அப்படியே பதியச் சொன்னார்.

எங்கள் நிறுவன வேனில் திரும்பினோம். பொன்னேரி பஸ் நிலையம் வந்ததும் சேகர் சார் வண்டியை நிறுத்தச் சொன்னார். நான் இறங்கினேன். அவர் கத்தவில்லை, களைத்துப்போயிருந்தார். "நீ சொன்னதுல தப்பில்லம்மா. எங்க வண்டியில வந்து சொன்னதுதான் தப்பு."

அதே ஏரி

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். கையால் பிடிப்பவர்களையும் சேர்த்து மறுபடி ஆய்வு செய்ய உத்தரவானது. அந்த அத்தியாயம் இந்த முறை முழுதாக அச்சேறியது. பெண்கள் தடவும் இடத்தை விட்டு வெந்நீர்க் குழாயைத் தள்ளிப் போடவும் தொழிற்சாலை ஒப்புக்கொண்டது.

ஆனால் அதற்கு முன்னால், வீட்டில் சும்மா உட்கார்ந்து, செய்தித்தாளில் வேலை விளம்பரம் பார்த்துக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அப்போதுதான் போன் வந்தது. மறு ஆய்வைச் சென்னையில் இருந்த வேறொரு நிறுவனத்திடம் கொடுத்திருந்தார்கள். அதன் பொறுப்பாளர் ஓர் அம்மாள், என்னை வேலைக்குக் கூப்பிட்டார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கூட்டத்தில் நான் பேசியது தெரியுமா என்று கேட்டேன். "தெரிஞ்சிதான் கூப்பிடுறேன். உங்களால வந்த வேலை, நீங்களே வந்து செஞ்சி குடுங்க."

எங்கள் படிப்புக்கு வேலை கிடைக்காது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், ஒரு வேலையை ஒழுங்காகச் செய்து அதை இழந்துவிட்டால் போதும், அடுத்தது வீடு தேடி வருகிறது.