ரங்கன் பேருக்கு வலைவரி

மணியக்காரர் சுப்பராயலு வெற்றிலைச் சாற்றைத் துப்புவதற்குக் கருவாடு காயும் மணலைத்தான் தேடுவார். பழவேற்காட்டுக் கரையில் துப்ப இடமா இல்லை? ஆனால் வடகரையிலிருந்து தோணியில் வந்து இறங்கியதும் நேரே குப்பம்மாவின் குடிசை முன்னால் வந்து நிற்பார். பாயில் பரப்பியிருக்கும் மடவை மீனுக்கு ஒரு சாண் தள்ளித் துப்புவார். பிறகு அதே பாயிலிருந்து நல்லதாக ஒன்றைப் பொறுக்கி, மூக்கருகே வைத்து முகர்ந்துவிட்டு மடியில் முடிந்துகொள்வார். அது வரியில் சேராது. அவர் நடந்து வந்த காலுக்குக் கூலி.

அந்தச் சிவப்பைப் பார்த்தாலே குப்பம்மாவுக்குக் குமட்டும். அவர் போனதும் அந்த இடத்தை மணலோடு வாரிக்கொண்டுபோய் ஏரியில் கொட்டுவாள்.

பழவேற்காட்டில் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள், கோட்டை கட்டிக் கொடியேற்றியிருந்த காலம் அது. ஏரியின் தென்முனையில் அவர்கள் அதிகாரம், வடகரையில் ஒரு பாளையக்காரரின் அதிகாரம். நடுவில் கிடந்த தண்ணீர் யாருக்குச் சொந்தம் என்பதை மீனைத்தான் கேட்க வேண்டும். குப்பம்மாவும் அவள் புருஷன் ரங்கனும் வடகரைக் குப்பத்தில் பிறந்தவர்கள். அங்கே வலைக்கு வரி, கருவாடு காய்கிற மணலுக்கு வரி, பாளையக்காரர் வீட்டில் கல்யாணம் என்றால் அதற்கொரு வரி, அந்தக் கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்குக் காது குத்தினால் அதற்கும் ஒன்று. காது குத்திய வருஷம்தான் ரங்கனுக்குப் பொறுமை போயிற்று. பெண்டாட்டியையும் மகள் தேவகியையும் தோணியில் ஏற்றிக்கொண்டு, கழி ஊன்றித் தென்கரைக்கு வந்துவிட்டான்.

கோட்டைக்காரர்களும் வாங்கத்தான் வாங்கினார்கள். ஆனால் சந்தை வாசலில் கூடைக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டால் அன்றைய தொல்லை அன்றோடு தீர்ந்தது. ரங்கன் மூச்சு விட்டான். தை பிறந்தது. பாளையக்காரருக்கு வரி வாங்கச் சுப்பராயலு வந்து நின்றார்.

“நாங்கதான் ஊர வுட்டே வந்துட்டோமே, சாமி.”

“ஆளுதான வந்துட்ட. பேரு அங்கதான இருக்குது. பேரு இருக்கற வரைக்கும் வலைவரி உண்டு.”

ரங்கன் உள்ளே போய்க் கருவாட்டுக் கட்டை எடுத்துவந்து கொடுத்தான். ஒவ்வொரு தைக்கும் கொடுத்தான். “போய்ப் பேர எடுத்துட்டு வந்துடேன்” என்று குப்பம்மா சொல்லும்போதெல்லாம் முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டான். ஏன் என்று அவளுக்குத் தெரியும். அதனால் அதற்குமேல் நெருக்க மாட்டாள்.

பிறகு ரங்கன் காய்ச்சலில் செத்துப்போனான். அவன் வலையை விற்றுவிட்டு, தோணியை மட்டும் குப்பம்மா வைத்துக்கொண்டாள். ஏரித் திட்டுகளில் சிப்பி அள்ளிச் சுண்ணாம்புச் சூளைக்குக் கொண்டுபோனாள். கோட்டைச் சுவர் எந்தப் பக்கமாவது பெயர்ந்துகொண்டே இருந்ததால் சூளையில் சிப்பிக்குக் கிராக்கி குறையவில்லை. அவளும் தேவகியும் சாப்பிட்டது அந்தத் தோணியால்தான். அடுத்த தையில் சுப்பராயலு வந்தபோது, “வலையும் இல்ல, வலை போட்டவனும் இல்ல” என்று சொல்லிவிட்டுப் படலைச் சாத்திக்கொண்டாள். அதற்கடுத்த தையிலும் அப்படியே.

மூன்றாம் வருஷம் அவர் குடிசைக்கு வரவில்லை. அவள் வடக்குத் திட்டில் முழங்கால் தண்ணீரில் குனிந்து சிப்பி அள்ளிக்கொண்டிருந்தபோது அவருடைய ஆட்கள் வந்து தோணியை இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த வழியாக வந்த ஒருவர் அவளை ஏற்றிவந்து கரையில் விட்டார். பாக்கி வந்தால் தோணி வரும். அமாவாசைக்குள் வராவிட்டால் தோணி பாளையக்காரருடையது என்று சொல்லி அனுப்பியிருந்தார் சுப்பராயலு.

கோட்டையில் துபாஷியாக இருந்தவர் சந்தியாகு. நம் பேச்சை ஒல்லாந்தருக்கும் ஒல்லாந்தர் பேச்சை நமக்கும் சொல்கிறவர். குப்பம்மா போனபோது நண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் சொன்னதை முழுக்க நண்டுக் காலை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். மோவாயில் வழிந்ததைத் துடைக்கவில்லை.

“தோணி அந்தக் கரையில இருக்குது. துரைங்க இந்தக் கரைதான் பாப்பாங்க. உங்க ஊரு வாயால ‘இந்தப் பேரு எங்ககிட்ட இல்ல’னு வந்துச்சுன்னா மணியக்காரன் வாய் தானா மூடும். போய் ஊரக் கேளு.” ஓட்டைத் தட்டில் போட்டார். “காரியம் முடிஞ்சா நம்மள மறந்துடாத. பெருசா பாத்து ஒரு கூடை நண்டு.”

பக்கத்துக் குடிசை ஜெயம்மா இதைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “ஒண்ணும் செய்ய மாட்டேன்னு சொல்றதுக்கே ஒரு கூடையா? செஞ்சி குடுத்திருந்தா குடிசையப் பிரிச்சிக்கினு போயிருப்பான்.”

அமாவாசையன்று, வடக்கே போன ஒரு தோணியில் இடம் கேட்டுக் குப்பம்மா ஏறினாள். அன்றுதான் பிறந்த ஊரில் பாடு போடும் நாள். ஏரியில் மீன் கூடும் இடங்களை வருஷத்துக்கொருமுறை சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள், அதுதான் பாடு. வீட்டுக்கொரு சிப்பி, ஒவ்வொன்றிலும் அந்த வீட்டின் வெட்டுக்குறி. எல்லாச் சிப்பியும் ஒரு பானையில் கிடக்கும். ஊர்ப் பெரியவர் ஒன்றை எடுத்துப் பேர் சொல்லுவார். அந்த வீட்டு ஆள் ஒருவன் “இருக்கான்” என்று குரல் கொடுக்க வேண்டும். அப்புறம்தான் இடத்தைச் சொல்வார்கள். வீடு அற்றுப்போனால் சிப்பியை ஊர் முன்னால் உடைப்பார்கள். உயிரோடு இருக்கிறவன் தன் சிப்பியைப் பானையிலிருந்து எடுப்பதென்றால் தனக்குத் தானே கொள்ளி வைப்பதுபோல. ரங்கன் முகத்தைத் திருப்பிக்கொண்டது அதனால்தான். வரியைக் கொடுத்தாலும் கொடுத்தான், சிப்பியை எடுக்க மனம் வரவில்லை.

அவன் செத்த பிறகு ஊரே உடைத்திருக்கும் என்றுதான் குப்பம்மா நினைத்திருந்தாள்.

கோயில் முன்னால் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வேலிக்கு வெளியே. புன்னை மரத்தடிக் கட்டிலில் சுப்பராயலு சாய்ந்திருந்தார். பானையில் எத்தனை சிப்பியோ அத்தனை வலைவரி என்பதால் பாடு முடியும்வரை அவர் நகர மாட்டார். பெரியவர் தசரதன் பானையில் கைவிட்டு, எடுத்த சிப்பியைக் கண்ணருகே கொண்டுபோனார்.

“ரங்கன்.”

“இருக்கான்,” என்றது ஒரு குரல்.

ரங்கனின் தம்பி சின்னதம்பி. அண்ணன் கருமாதிக்குத் தென்கரைக்கு வந்து, மொட்டை போட்டு, குடிசை வாசலில் புரண்டு அழுதவன். போகும்போது மிச்சச் சோற்றைச் சட்டியோடு வாங்கிப் போனவன்.

“கழிமுகத்து ஓரம்,” என்றார் தசரதன். இறால் மொய்க்கிற இடம். ஊரில் எல்லோரும் ஆசைப்படுகிற பாடு.

“செத்தும் ரங்கனுக்கு யோகம்டா,” என்று யாரோ முணுமுணுக்க, அடங்கிய சிரிப்பு ஒன்று வட்டத்தைச் சுற்றி வந்தது.

குப்பம்மா அந்த முகங்களைப் பார்த்தாள். பாதிப் பேர் தோணி கட்டிக்கொண்டு வந்து கருமாதிச் சோறு தின்றவர்கள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. செத்தவன் வலை போடுகிறான், தம்பி மீனை அள்ளுகிறான், பெரியவர் வீட்டுக்கும் பங்கு போகாமலா இருக்கும், வரி மட்டும் ஏரி தாண்டி அவளிடம் வருகிறது. வேலியைத் தாண்டி உள்ளே போனாள்.

“இல்ல,” என்றாள்.

தசரதன் பானை வாயைக் கையால் மூடினார். “பொம்பள பானைகிட்ட வரக்கூடாது, தெரியாதா?”

“செத்தவன் வரலாமா, மாமா?”

சின்னதம்பி எழுந்து ஓடிவந்தான். “அண்ணி, அது நைனா கையால வெட்டுன குறி. ஒடச்சா நம்ம வீடு ஒண்ணு அணைஞ்சு போச்சுனு ஆயிடும்.”

“அணைஞ்சுதான் போச்சு. நீதான மொட்ட போட்டுக்கின.”

“வரிய நான் பாத்துக்கறேன். சிப்பி கெடந்துட்டுப் போவட்டும். நாளைக்கு தேவகிக்கு ஒதவுமில்ல?”

“தேவகிக்குப் பாடு குடுப்பீங்களா?”

சின்னதம்பி பெரியவரைத் திரும்பிப் பார்த்தான்.

“பொண்ணுக்குப் பாடு கெடையாது. பொம்பளைக்கு வரி மட்டும் உண்டு. இன்னா நாயம் இது?” கட்டிலின் பக்கம் திரும்பினாள். “பேரு இருக்கற வரைக்கும்தான் வரினு சொன்னது நீங்கதான், சாமி. இப்ப பேரு இல்ல. முந்தி பாக்கிய, இருக்கான்னு சொன்னவன்கிட்ட கேளுங்க. மீன் அவன் வீட்டுக்குத்தான் போச்சு.”

வட்டத்தில் சலசலப்பு. பானையில் ஒரு சிப்பி குறைந்தால் கழிமுகத்து ஓரம் இன்னொருவனுக்குப் போகும் என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. “அந்தம்மா சொல்றது ஞாயந்தான்,” என்றான் ஒருவன். “ஒடைக்கட்டும், பெரியவரே,” என்றான் யோகத்தைப் பற்றிப் பேசியவன். இத்தனை நாளும் வாயில் கொழுக்கட்டை வைத்திருந்தவர்கள். அவர்கள் ஆதரவு குப்பம்மாவுக்குச் சுப்பராயலுவின் எச்சிலைவிட அருவருப்பாக இருந்தது.

சுப்பராயலு சின்னதம்பியை ஏற இறங்கப் பார்த்தார். கைக்கெட்டும் தூரத்தில் படகு, வலை, ஆள். ஏரி தாண்டிப் போக வேண்டியதில்லை. வெற்றிலையை ஒதுக்கித் துப்பினார். “அந்தப் பொம்பள தோணிய அவுத்து வுடுங்கடா.”

தசரதன் சிப்பியை நீட்டினார். அதைக் கல்லின்மேல் வைத்தபோது குப்பம்மாவின் கை ஒரு கணம் நின்றது. மாமனார் வெட்டிய குறி. ஊரில் தனக்கென்று ரங்கன் விட்டுப்போன இடம். பிறகு இன்னொரு கல்லால் ஓங்கி அடித்தாள். துண்டுகளை அங்கேயே விட மனமில்லை, அந்தக் கால்கள் மிதிக்கும். பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

தோணியில் யாரோ ஆடு கட்டியிருந்தார்கள். புழுக்கைக்கு மேலே மீன் குடலைக் கொட்டியிருந்தார்கள். தண்ணீர் மொண்டு ஊற்றி, கையால் தேய்த்துக் கழுவினாள். நாற்றம் போகவில்லை. அதோடு கழி ஊன்றித் தெற்கே வந்தாள்.

பழவேற்காட்டுத் துறையில் சந்தியாகுவின் வேலையாள் காலிக் கூடையோடு நின்றிருந்தான். செய்தி அவளுக்கு முன்னால் வந்திருந்தது. அவன் கையாட்டியதும் தோணியைத் திருப்பிச் சூளைத் துறைக்கு விட்டாள்.

சூளைக்காரர் லோகநாதன் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். “இன்னா, சிப்பியே இல்லியே?”

முந்தானையை அவிழ்த்து, துண்டுகளை அவர் கூடையில் போட்டாள். வேறு எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“நல்ல வெள்ளை. செவுத்துக்குப் போட்டா வீண். இத வெத்தல சுண்ணாம்புக்கு எடுத்து வெக்கறேன். வடகரையில இதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க.”

குப்பம்மா கூடைக்குள் கைவிட்டு ஒவ்வொரு துண்டாகத் திரும்ப எடுத்தாள். அவர் கையில் இருந்ததையும் வாங்கினாள். இடுப்பளவு ஆழம் வரை நடந்துபோய், எல்லாவற்றையும் ஏரியில் எறிந்தாள்.