பச்சைச் சேலையும் விமானியின் கண்ணும்

விமானி ஆகப்போகிறேன் என்று நான் சொன்னபோது எங்கள் தெருவில் யாரும் சிரிக்கவில்லை. என் மூக்குக்கண்ணாடியைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள், அவ்வளவுதான். சோடாபுட்டி போட்டவளை யார் விமானம் ஓட்டவிடுவார்கள் என்று அவர்களுக்குக் கவலை. எனக்கு அந்த இரக்கத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். பிளஸ் டூ பரீட்சை முடிந்த வாரமே அம்மாவையும் மாமாவையும் இழுத்துக்கொண்டு கீழ்வேளூரிலிருந்து நாகப்பட்டினத்துக்குப் பஸ் ஏறினேன். அரசாங்க மருத்துவச் சோதனைக்குப் போகுமுன் ஒரு கண் டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும்.

மாமா, அம்மாவின் அண்ணன். வயல்வேலைக்காரர். நெல் முற்றிவிட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்லமாட்டார். ஒரு மணியைப் பல்லில் கடித்துத்தான் சொல்வார். ஒருநாளும் பிசகியதில்லை. ஏன் கடிக்கிறார் என்பது மட்டும் எங்கள் வீட்டில் பேசக்கூடாத விஷயம்.

நான் பிறப்பதற்கு முன்பு, சென்னையில் ஆட்சி மாறிய புதிது. கூலியை உயர்த்தச் சொல்லி எங்கள் ஆட்கள் அறுவடையை நிறுத்தியிருந்தார்கள். வரப்பில் சங்கக் கொடி நடும் பொறுப்பு மாமாவுக்கு. துணி கிடைக்காமல் அம்மாவின் பழைய சேலை ஒன்றைக் கிழித்து மூங்கிலில் கட்டினார். சிவப்பு பறக்கவேண்டிய இடத்தில் இலைப்பச்சை பறந்தது. மிராசுதார் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சங்கத்துக்காரர்களோ, காசு வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே செய்துவிட்டான் என்றார்கள். அதன்பிறகு அவரைக் கொடிப்பக்கமே விட்டதில்லை.

டாக்டரம்மா என் கண்ணைப் பார்த்துவிட்டு, "கண்ணாடி போட்டா பரவாயில்லம்மா. போட்டுக்கிட்டு கடைசி வரி வரைக்கும் தெளிவா தெரியணும், அதான் முக்கியம். ஓட்டும்போது மாத்துக் கண்ணாடி ஒண்ணு கைவசம் இருக்கணும்" என்றார். எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. "ஆனா நிறம் நல்லா பிரிச்சுத் தெரியணும். ஓடுபாதையில சிவப்பு, பச்சைன்னு விளக்கு இருக்கும்ல? உங்க குடும்பத்துல யாருக்காவது நிறம் தெரியாத குறை இருக்கா?"

"இல்லைங்க" என்றாள் அம்மா, கேள்வி முடியுமுன்னே.

வாசலோரம் நின்றிருந்த மாமா, "இருக்குங்க டாக்டர், எனக்கு" என்றார். "சிவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியுது."

"அண்ணே, சும்மா இரு! பிள்ள படிப்பக் கெடுத்துடாத."

"மறைச்சு அனுப்பி, மேல போய் விளக்க மாத்திப் பாத்துட்டா என்ன பண்ணுவ?"

மாமா மீது வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. கூடவே பயமும் வந்தது. அவரைப் பார்த்து நானும் நெல்மணியைக் கடித்தே பழகியவள். நான் சிவப்பு என்பதுதான் எல்லோருக்கும் சிவப்பா?

டாக்டரம்மா ஒரு புத்தகத்தைத் திறந்தார். பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் புள்ளிகளால் ஆன வட்டம், அதற்குள் ஓர் எண். கடைசிப் பக்கம்வரை தடுமாறாமல் வாசித்தேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். டாக்டரம்மா அதே புத்தகத்தை மாமாவிடம் நீட்டினார். புரட்டப் புரட்ட, "வெறும் புள்ளிதாங்க" என்றார் மாமா.

"இது பொறக்கும்போதே வர்றதுங்க. உங்க தப்பு ஒண்ணுமில்ல" என்றார் டாக்டரம்மா.

மாமா புத்தகத்தை மூடி மேசைமேல் வைத்தார். பிறகு அந்தச் சேலைக் கதையை முழுவதும் சொல்லி, "நான் வேணும்னு செய்யலன்னு ஒரு சீட்டு எழுதித் தருவீங்களா?" என்று கேட்டார். என் கோபம் போன இடம் தெரியவில்லை. அழுதுவிட்டேன்.

பிறவியிலேயே உள்ள குறை என்று டாக்டரம்மா எழுதிக் கையெழுத்துப் போட்டார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் மாமா அதைப் பழைய சங்கத் தலைவரிடம் கொண்டுபோனார். தலைவர் இரண்டுமுறை வாசித்துவிட்டு, "மே தினத்துக்கு நீயே கொடி ஏத்துப்பா" என்றாராம்.

அரசாங்கச் சோதனையில் நான் தேறியது பிறகுதான். இன்றைக்கும் மாற்றுக் கண்ணாடி பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்காமல் வேலைக்குக் கிளம்புவதில்லை. ஆனால் என் கண்ணை நம்பி முதல் வேலை கொடுத்தது மாமாதான். அந்த வருஷ மே தினத்தன்று காலையில் மடித்த துணியொன்றை என்முன் நீட்டினார்.

"பாத்துச் சொல்லும்மா. இது சிவப்புதானே?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, துணியை வெயிலில் விரித்துப் பார்த்தேன்.

"சிவப்புதான் மாமா. கட்டுங்க."